கையேந்தி பவன் முதல் மேசை நாற்காலி வரை

மலர்க் குழு என்னிடம் கேட்டது சின்ன விஷயம்தான். வங்கி, மண்டல அலுவலகம், பயிற்சி என்று சென்னை முழுக்க அலைகிற நம்ம உறுப்பினர்கள் மத்தியானம் எங்கே சாப்பிடலாம், ஏரியா வாரியா ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க அக்கா என்றார்கள். சரின்னு ஒத்துக்கிட்டேன்.

அதுக்காக நாலு குழுக் கூட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்டேன். "நீங்க முதல்முதல்ல ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிட்டது எப்போ?" ஒருத்தர் கல்யாணம் ஆன புதுசுல, சினிமா பார்த்துட்டு வரும்போது என்றார். இன்னொருத்தர், மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தப்போ என்றார். அறுபத்திரண்டு வயசு அம்மா ஒருத்தர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நம்ம குழுப் பயிற்சிக்குப் போனோமே, அன்னைக்குத்தான். அதுக்கு முன்னாடி எல்லாம் பார்சல்தான்" என்றார். அந்த அம்மா முப்பது வருஷம் ரோட்டோரத்தில் இட்லி வித்தவர்.

அதனால் ரெண்டு பக்கம் வளர்ந்துவிட்டது. இந்த ஊரில் ஜனங்கள் வீட்டுக்கு வெளியே எப்படிச் சாப்பிட ஆரம்பிச்சாங்க, அதில் யார் சமைச்சாங்க, யார் உட்கார்ந்தாங்க என்று எனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கிறேன். எங்கே என்ன சாப்பிடலாம் என்பதும் நடுநடுவே வரும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பெரியவங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். கேலிப் பேர் மாதிரி இருக்கும். அது கேலி இல்லை. 1782-ல் ஹைதர் அலியோடு நடந்த சண்டையும் பஞ்சமும் சேர்ந்து சுத்துப்பட்டு ஜனங்களை மதராஸுக்குள் விரட்டியது. அவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஒரு சத்திரம் வைத்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பேர். வெள்ளைக்காரன் வாயில் அது மோனேகர் சௌல்ட்ரி ஆயிற்று. கஞ்சி ஊத்தின இடத்திலேயே வைத்தியமும் பார்க்க ஆரம்பித்து, அதுதான் பின்னாளில் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. இந்த ஊரில் ஏழை ஜனங்கள் வீட்டுக்கு வெளியே சாப்பிட்ட கதையை நான் அந்தக் கஞ்சித் தொட்டியில் இருந்துதான் ஆரம்பிப்பேன். ஹோட்டல் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது.

முன்காலத்தில் வெளியே சாப்பிடுவது என்றாலே சனங்களுக்குத் தயக்கம். யார் சமைச்சது, யார் கை பட்டது, பக்கத்து இலையில் யார் என்று ஆயிரம் கணக்கு. யாத்திரை போகிறவர்களுக்குச் சத்திரம் உண்டு, அதுவும் சாதிக்கு ஒண்ணாக இருக்கும். காபி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. வேலைக்கும் படிப்புக்கும் தனியாகப் பட்டணத்துக்கு வந்த ஆம்பளைங்களுக்காகக் காபி கிளப்புகள் திறந்தன. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் நிறைய. வாசலில் பிராமணாள் காபி கிளப், பிராமணாள் ஹோட்டல் என்று போர்டு தொங்கும். கறி போடுகிற கடைக்கு மிலிட்டரி ஹோட்டல் என்று பேர்.

உள்ளே போனால் மட்டும் எல்லாரும் ஒண்ணாக உட்கார்ந்துவிட முடியாது. பல இடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர்கள் என்றால் வாசற்படியே ஏற முடியாது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடத்தில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. தந்தை பெரியாரும் மற்றவர்களும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் அது போனது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தபோது அதன் 15-வது பிரிவில் கடை, உணவு விடுதி, ஹோட்டல் என்று பேர் சொல்லியே எழுதினார்கள்: சாதி, மதம், ஆண் பெண் என்று காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. டாக்டர் அம்பேத்கர் தலைமையில் எழுதிய சட்டத்தில் டீக்கடைப் பெஞ்சுக்கும் இடம் இருக்கிறது, பாருங்கள். 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அப்படியும் போர்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் அந்த 'பிராமணாள்' என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் ஆரம்பித்தார். மாசக்கணக்கில் நடந்தது. தினமும் ஆட்கள் போய் நிற்பார்கள், போலீஸ் பிடித்துப் போகும், மறுநாள் வேற ஆட்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். கடைசியில் வார்த்தை இறங்கியது.

இந்த வரலாறு நிறையப் புத்தகத்தில் இருக்கிறது. நம்ம பெண்கள் எங்கே என்று தேடினால்தான் அதிகம் கிடைக்காது. சட்டத்தில் 'ஆண் பெண்' என்று இருந்தது உண்மைதான், ஆனால் பெண்களை வாசலில் நிறுத்த ஒரு போர்டும் தேவைப்படவில்லை. நாமே போகமாட்டோம். வீட்டிலும் விடமாட்டார்கள்.

ஆனால் சமைத்தது நாம்தான். ஹோட்டல் உள்ளே கல்லாவிலும் அடுப்பிலும் ஆம்பளைங்க. தெருவில் அடுப்பு வைத்தது பொம்பளைங்க. இட்லிக்கடை ஆயா இல்லாத தெரு சென்னையில் இருந்ததா? கருக்கலில் எழுந்து, வாசலிலேயே ரெண்டு அடுப்பு மூட்டி, துணி போட்ட தட்டில் இட்லி ஊத்தி, ஒரு பக்கம் வடைச்சட்டி, ஒரு பக்கம் சட்னிக் குண்டான். வாங்குகிறவன் குத்த வைத்துச் சாப்பிடுவான், இல்லை கையில் ஏந்திக்கொண்டு நின்றே சாப்பிடுவான். அதனால்தான் பட்டணத்துக்காரங்க அதுக்கு கையேந்தி பவன் என்று பேர் வைத்தார்கள். எவ்வளவு மரியாதையான பேர்! பவன் என்று சொல்லியாகிவிட்டது, நாற்காலிதான் இல்லை.

எங்க ஆயா பட்டாளத்தில் அப்படித்தான் கடை போட்டார். பக்கத்தில் பி அண்ட் சி மில்; பின்னி மில் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 1918-ல் அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தொழிலாளிகளின் முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரம். மத்தியானம் அரை மணிதான் விடுவார்கள். அதற்குள் வெளியே வந்து, வாயில் போட்டு, கை கழுவி, மறுபடி கேட்டுக்குள் போகணும். தாமதமானால் பிடித்தம். அந்த அரை மணிக்குள் ஆயிரக்கணக்கான பேருக்குச் சாப்பாடு கிடைக்கணும் என்றால் யாராவது கேட்டுக்கு வெளியே தயாராக உட்கார்ந்திருக்கணும் இல்லையா? அது இட்லி ஆயாக்களும் கூடைக்காரம்மாக்களும்தான். கூடைக்காரம்மா என்றால் இப்போ பிள்ளைகளுக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்த் தூக்குவாளியையும் கேரியரையும் வாங்கி, பெரிய கூடையில் அடுக்கி, தலையில் வைத்து மில்லுக்கும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். பம்பாய் டப்பாக்காரர்களைப் பற்றி ஊரெல்லாம் படம் எடுத்தாச்சு. நம்ம கூடைக்காரம்மாக்களைப் பற்றி ஒருத்தரும் நாலு வரி எழுதக் காணோம்.

இந்தக் கடைகளுக்கு முதல் எங்கிருந்து வந்தது? தண்டல். வட சென்னையில் இந்த வார்த்தைக்கு விளக்கமே வேண்டாம். ஆயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு, முன்னாலேயே நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்டணும். நூறு ரூபாய்தானே போச்சு என்று தோன்றும். நம்ம கணக்காளர் தங்கச்சியை உட்கார வைத்துப் போடச் சொன்னேன். தினமும் அசல் குறைந்துகொண்டே வருகிறதே, அதையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு எண்பது ரூபாய்க்குப் பக்கத்தில் வட்டி வருகிறது. அதோடு மழை பெய்து கடை போடாத நாளுக்கும் தண்டல்காரர் வருவார். இட்லி ஆயாக்கள் விடிய எழுந்ததில் பாதி அவருக்காகத்தான்.

வெயில் காலத்தில் மரத்தடியில் கூழ்ப் பானை வைப்பவர்களும் பெண்கள்தான். கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள மோர் மிளகாய், கருவாடு, சின்ன வெங்காயம். ரிக்‌ஷாக்காரர், மூட்டை தூக்குகிறவர், இப்போ ஆட்டோக்காரர் எல்லாருக்கும் அதுதான் பகல் சாப்பாடு. மெரினாவில் மீன் பொரிக்கும் கடைகளிலும் அதே கதை. வஞ்சிரம், இறால், கடம்பா எது வேணும் என்று தட்டில் காட்டி, அங்கேயே மசாலா தடவிப் போட்டுத் தருகிற குப்பத்து அக்காக்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். போனால் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் சாப்பிடுங்கள்.

சரி, நாற்காலி போட்ட இடங்களுக்கு வருவோம்.

சென்னையில் சைவ ஹோட்டல் என்றால் உடுப்பிக்காரர்கள். உடுப்பிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்த கே.கிருஷ்ண ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். பின்னாடி மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ். 1962-ல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ் இன் உட்லண்ட்ஸ். மரத்தடியில் காரை நிறுத்தினால் காருக்கே தோசை வரும். கார் இல்லாதவங்களும் உள்ளே போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். பக்கத்தில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இருந்ததால் பெண் பிள்ளைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்து பேசின இடம் அது. 2008-ல் மூடினார்கள். இப்போ அங்கே செம்மொழிப் பூங்கா. திருவல்லிக்கேணியில் 1948-ல் ஆரம்பித்த ரத்னா கபே இன்னும் இருக்கிறது. ரெண்டு இட்லியைச் சாம்பாரில் குளிப்பாட்டிக் கொடுப்பார்கள். கேட்டால் மறுபடியும் ஊத்துவார்கள். வடக்கே இருந்து வந்த குடும்பம் ஆரம்பித்த கடையில் நம்ம ஊர்ச் சாம்பாருக்குப் பேர் வந்ததுதான் வேடிக்கை.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு மவுண்ட் ரோடு புஹாரி. கொழும்பில் இருந்து வந்த ஏ.எம்.புஹாரி 1951-ல் திறந்தது. 1965-ல் அங்கே செய்ததால்தான் சிக்கன் 65 என்று பேர் வந்தது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். பேருக்கு வேற கதைகளும் ஊரில் உலவுகின்றன; எனக்குக் கடைக்காரங்க கதையே போதும்.

இந்த ஹோட்டல்களில்தான் ஃபேமிலி ரூம் வந்தது. நாற்பது வயசுக்கு மேலே உள்ள உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். ஹாலின் ஓரத்தில் பலகைத் தடுப்பு, அரைக் கதவு இல்லை திரைச்சீலை, உள்ளே ஒரு மேசை. பெண்கள் வந்தால் சர்வர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அங்கே கையைக் காட்டுவார். வெளியே விலைப்பலகையில் ஒரு விலை, உள்ளே சில இடங்களில் கூடுதல் விலை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் சர்வரைக் கூப்பிடக் குரல் கொடுக்கணும், குரல் கொடுத்தால் கூடவந்த மாமியார் முறைப்பார். சாம்பார் ரெண்டாம் தடவை வேணும் என்று கேட்காமலேயே எழுந்து வந்த கதைகள் எங்க கூட்டத்தில் நிறைய வந்தன. ஆனால் ஒரு அக்கா வேற மாதிரி சொன்னார்: "அந்தத் திரை இருந்ததாலதான் எங்க வீட்டுக்காரர் என்னை ஹோட்டலுக்கே கூட்டிட்டுப் போனாரு." அதுவும் உண்மை. ஃபேமிலி ரூமை நான் முழுசாகத் திட்டமாட்டேன்.

மேன்ஷன் ஏரியா மெஸ்களில் அதுவும் கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியவர்கள் எல்லாம் பிரம்மச்சாரி ஆம்பளைங்க, மெஸ்ஸும் அவங்களுக்காகத்தான். நல்ல சாப்பாடு, அளவில்லாமல். ஆனால் தனியாக ஒரு பெண் போய் இலை முன்னால் உட்கார்ந்தால் நாற்பது தலை திரும்பும். இன்னைக்கு அவ்வளவு இல்லை.

பெண்கள் கூச்சமில்லாமல் வெளியே தின்னது தெருத் தீனிதான் என்பது என் எண்ணம். கடைவீதிக்குப் போகிற சாக்கில் நின்றபடி ஒரு வாய். சௌகார்பேட்டை அதுக்குப் பேர் போனது. தங்கசாலைத் தெருவில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். சூடான ஜிலேபி, பாதாம் பால், சாட், முறுக்குக்கு நடுவில் காய் வைத்துத் தருகிற முறுக்கு சாண்ட்விச். பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா மொத்தமாக வாங்கப் போகிற நம்ம தின்பண்டக் குழுக்கள் சாயங்காலம் ஐந்துக்கு மேலே போனால் ரெண்டு வேலையும் முடியும். மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி வந்தால் காளத்தி கடை ரோஸ் மில்க். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை: கடை என்று ஒண்ணும் இருக்காது, வீட்டு ஜன்னல் வழியாகத் தட்டு வரும்.

பர்மா பஜார் பின்புறம் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் வரிசையாக அத்தோ வண்டிகள் நிற்கும். இந்தச் சாப்பாடு இங்கே வந்த கதை வருத்தமான கதை. பர்மாவில் தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள், 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளையும் வியாபாரத்தையும் அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகு, சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் இறங்கிய பலருக்குப் பிழைப்பாக 1969-ல் பர்மா பஜார் அமைந்தது. வியாசர்பாடி பக்கம் குடியேறியவர்களும் உண்டு. கையில் ஒண்ணுமில்லாமல் வந்தவர்கள் நாக்கில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். அத்தோ என்றால் மஞ்சள் நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பொரித்த பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுவென்று பேஜோவை நொறுக்கிப் போடுவது. கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் வைத்தும் தருவார்கள். வண்டியில் நிற்பது ஆம்பளையாக இருந்தாலும் வெங்காயம் பொரித்து, பேஜோ சுட்டுக் கொடுத்தது வீட்டில் இருந்த பர்மா அம்மாக்கள் என்று வியாசர்பாடிக் குழு அக்காக்கள் சொன்னார்கள். அங்கேயும் பேர் வண்டிக்காரருக்குத்தான்.

புறநகருக்கு வழி போட்டது ரயில். கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்தது. பழைய ஸ்டேஷன்கள் வாசலில் பார்த்தால் டீக்கடை, பழக்கடை, பூக்கடை, இட்லிக்கடை எல்லாம் அந்த ரயிலை நம்பி வந்தவைதான். பிறகு கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை வந்தது. கேட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் இன்னைக்கும் பழைய இரும்புக்கும் பழைய துணிக்கும் நடுவில் சுண்டலும் போண்டாவும் விற்கும் பெண்களைப் பார்க்கலாம். கே.கே.நகரில் 1981-ல் ஆரம்பித்த சரவண பவனைப் பார்த்து, அதே மாதிரி பளபளப்பான உயர்தர சைவ உணவகங்கள் புறநகர் வரைக்கும் வந்தன. அந்தக் கடைகளில் திரை இல்லை. பெண்கள் பிள்ளைகளோடு ஹாலிலேயே உட்கார ஆரம்பித்தது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே பிரியாணி சாப்பிடுகிற பெண் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருவைத் தனியாகச் சொல்லணும். அங்கே வாங்க வருகிறவர்களும் பெண்கள், விற்கிறவர்களும் பெண்கள். விற்கிற பிள்ளைகள் காலையில் இருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும் என்று விதி போட்டார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! அடுத்த தடவை அங்கே போனால் பில் போடும் இடத்தில் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், வெட்கப்படாமல் எழுதுகிறேன். எங்கே சாப்பிடலாம் என்று பெண்கள் முடிவு செய்வது இட்லியின் மென்மையை வைத்து மட்டும் இல்லை, கழிவறை இருக்கிறதா என்பதை வைத்தும்தான். கேட்ட அக்காக்களில் பாதிப் பேர், வெளியே போனால் தண்ணியே குடிக்கமாட்டேன் என்றார்கள். எனவே என் பட்டியலில் ஒரு ஹோட்டலுக்கு நல்ல பேர் கொடுக்கும் முன் அதையும் பார்த்தேன். சாம்பார் சுமாராக இருந்தாலும் சுத்தமான கழிவறை வைத்திருக்கிற கடைக்கே என் ஓட்டு.

இனி நம்ம கதை.

பொது இடத்தில் பெண்கள் சமைத்து அதுக்குச் சம்பளம் வாங்குவது பெரிய அளவில் நடந்தது 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது. 1989-ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. 1997-98-ல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்க வந்தது. குழுவின் முதல் கடன்களில் எத்தனை மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் போயிருக்கிறது என்று நம்ம பழைய தீர்மான நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். நான் புரட்டினேன். கிரைண்டர், தள்ளுவண்டி, இட்லிப் பானை, கேஸ் அடுப்பு, அப்புறம் ஒரு வரி: "தண்டல் கடன் அடைக்க". அந்த வரி ஒரே நோட்டில் பதினோரு தடவை வருகிறது. மாதம் ரெண்டு ரூபாய் வட்டியில் உள்கடன் வாங்கித் தண்டலை அடைத்தவர்களுக்கு, வருஷத்துக்கு 80 என்பது 24 ஆகிவிட்டது. அதுவும் நம்ம சேமிப்புக்கே திரும்பி வருகிற வட்டி.

2013 பிப்ரவரி 19 அன்று சென்னையில் அம்மா உணவகம் ஆரம்பித்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கொஞ்ச நாளில் 200 வார்டுக்கும் வந்தது. சமைப்பது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாம் சுய உதவிக் குழுப் பெண்கள். நம்ம கூட்டமைப்பிலிருந்தும் உறுப்பினர்கள் போனார்கள். சென்னை ஹோட்டல் வரலாற்றில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இத்தனை பெண்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நான் நினைக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அங்கே இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். 2020 ஊரடங்கில் எல்லாக் கடையும் மூடியிருந்தபோதும் அந்த அடுப்பு எரிந்தது. தன் வீட்டிலும் தண்ணி புகுந்திருக்க, நடந்தே வந்து பொங்கல் கிண்டியதாகச் சொன்ன அக்கா இன்னும் நம்ம குழுவில் இருக்கிறார்.

மறுபக்கத்தையும் எழுதணும். ஒரு ரூபாய் இட்லிக்கு எதிரே தெருவோர இட்லி ஆயா என்ன விலைக்கு விற்பார்? எங்க தெருவில் ரெண்டு பேர் காலைக் கடையை விட்டுவிட்டுச் சாயங்கால பஜ்ஜிக்கு மாறினார்கள். கூலியும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 300 ரூபாய். 325 ஆனது 2024-ல். அந்தப் பதினோரு வருஷத்தில் கேஸ் சிலிண்டரும் பருப்பும் வீட்டு வாடகையும் எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கஷ்டப்பட்டவங்க சாப்பாட்டு விலை ஏறக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சமைக்கிறவங்களும் கஷ்டப்பட்டவங்கதானே என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

2022-ல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டத்திலும் பல இடங்களில் குழுப் பெண்கள்தான் பள்ளிக்கூடத்தில் உப்புமாவும் கிச்சடியும் சமைக்கிறார்கள். 2024 டிசம்பரில் மெரினாவில் தமிழ்நாடு முழுக்க இருந்து வந்த குழுக்கள் உணவுத் திருவிழா நடத்தினார்கள். ஒவ்வொரு கடை மேலேயும் மாவட்டப் பேரும் சாப்பாட்டுப் பேரும் எழுதியிருந்தது. சாப்பிட வந்தவர்கள், "இது எந்த ஊரு செய்முறை, எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டுக் கேட்டு வாங்கியதைப் பார்த்தேன். இட்லி ஆயாவிடம் யாராவது ஒருநாள் செய்முறை கேட்டிருப்பார்களா?

தெருவில் கடை போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி உங்களுக்கு அடையாள அட்டையும் விற்பனைச் சான்றும் உண்டு. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கணும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தள்ளுவண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலர் அட்டை வாங்கவில்லை. கணவர் பேரில் வாங்கியிருக்கிறோம் என்று சிலர் சொன்னார்கள். கடையில் நிற்பது நீங்கள் என்றால் அட்டையும் உங்கள் பேரில் இருக்கட்டும்.

மலர்க் குழு கேட்ட பட்டியல் இன்னும் முடியவில்லை. அம்பத்தூர், ஆவடி, செங்குன்றம் பக்கம் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. திருவொற்றியூர், எண்ணூரில் மீன் சாப்பாடு நல்லா போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். உங்க ஏரியாவில் பெண்கள் நடத்துகிற கடை எது, உட்கார இடம் இருக்கா, கழிவறை இருக்கா, எத்தனை மணிக்குச் சாம்பார் தீரும், கடை போட்ட அம்மா எந்த வருஷத்தில் ஆரம்பிச்சாங்க என்று ஒரு தாளில் எழுதி மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எழுத வராத ஆயாக்கள் சொல்லச் சொல்ல நம்ம பிள்ளைகள் எழுதட்டும். கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் தீர்மான நோட்டுகளுக்குப் பக்கத்தில் அதுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பட்டாளத்து இட்லிக்கடை இருக்கிறது. ரெண்டாம் பக்கம் அந்த அறுபத்திரண்டு வயசு அம்மாவுடையது. அவர் சட்னி அளவு மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.